முதலில் கைநீட்டிய பிள்ளை

வவுனியா,
12.09.2021

அன்புத் தங்கை வள்ளிநாயகிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சாளும் முருகன் துணையால் சுகமாக இருக்கிறோம். அவளுடைய முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை. அங்கே உங்கள் பாடு எப்படி? போன மாதம் மச்சானுக்குக் கொரோனா வந்து மாறிய பிறகு களைப்பு இல்லாமல் இருக்கிறாரா? துறைமுகத்தில் இழுவைப் படகு வேலைக்குத் திரும்பிவிட்டாரா? மகள் தேனுகா நகரசபை வேலைக்குப் போய் வருகிறாளா? சினையாய் நின்ற ஆடு குட்டி போட்டதா?

போனில் கதைக்கலாமே என்று நீ கேட்பது விளங்குகிறது. மர ஆலையில் மரம் அரியும் வாளுக்குப் பக்கத்தில் நின்று காலம் கழித்தவனுடைய காது இது. போனில் நீ சொல்வதெல்லாம் எனக்கு ஆலைச் சத்தம்போலத்தான் இருக்கிறது. கடிதமென்றால் ஆறுதலாக இருந்து, வேண்டுமானால் இரண்டு தரம் படிக்கலாம்.

நல்ல செய்தி ஒன்று. தேனுகாவுக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருக்கிறது. பொடியன் பெயர் கிருஷாந்தன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். குடி, புகை இல்லை. தகப்பன் இல்லை, தாயும் இவனும்தான். சாதகம் ஐயரிடம் காட்டினேன், குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். தாய் நேர்ப்பேச்சுக்கார மனுஷி. குடும்பப் படம் ஒன்று கேட்கிறா. நீ, மச்சான், தேனுகா மூவரும் நிற்கிற படமாகப் பார்த்து அனுப்பு.

பயணத்தடை நீங்கியதும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எல்லாரும் கவனமாக இருங்கள்.

உன் அண்ணன்,
அருளம்பலம்


லிங்கநகர்,
திருகோணமலை,
20.09.2021

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மச்சாளுக்கு நொச்சி இலை அவித்து ஒத்தணம் கொடுத்துப் பாருங்கள். இவருக்குக் களைப்புத் தீர்ந்து போன கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார். தேனுகா சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய்.

ஆட்டைக்கூடக் கேட்டிருக்கிறீர்கள் அண்ணா. என் மகன் பிரவீனனைக் கேட்கவில்லை. மறந்துபோனீர்கள் என்று நினைக்க எனக்கும் விருப்பம்தான். ஆனால் மூன்று வயதில் கொழும்பில் அவனுடைய நெஞ்சைத் திறந்து இதயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் நின்றவர் நீங்கள். அதனால் மறதி என்று நினைக்க முடியவில்லை. அவனும் சுகம். பதினைந்து வயது முடிந்துவிட்டது. மேல் உதட்டில் பூனைமயிர் வந்திருக்கிறது, கண்ணாடி பார்த்துப் பார்த்துத் தடவுகிறான்.

சம்பந்தம் பற்றி எழுதியதற்குச் சந்தோஷம். தேனுகாவும் கடிதத்தைப் படித்தாள். மடித்து என் கையில் திருப்பித் தந்தாள்.

இங்கேயும் ஒரு செய்தி இருக்கிறது. எங்கள் பகுதி மிட்வைஃப் ஞானமலர் மிஸ் வெள்ளிக்கிழமை வந்தா. பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரையான பிள்ளைகளில், வருத்தமுள்ள, உடல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத்தான் நாட்டில் முதலில் கொரோனா ஊசி போடப் போகிறார்களாம். மற்றப் பிள்ளைகளுக்குப் பிறகுதான். அவ வாசல் படலையில் நின்றுகொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டா. "அக்கா, உங்கட வீட்டில டவுன் சின்ட்றோம் உள்ள மகன் ஒராள் இருக்கிறார் எண்டு பழைய கிளினிக் பதிவில கிடக்கு. இப்பவும் இஞ்சதான் இருக்கிறாரோ?"

இப்பவும் இஞ்சதான் இருக்கிறாரோ என்று ஒரு தாயிடம் கேட்கவேண்டி வந்திருக்கிறது பாருங்கள். அவவில் பிழையில்லை. அவ இந்தப் பகுதிக்கு வந்த இத்தனை காலத்தில் ஒருநாளும் அவனைக் கண்டதில்லை. அவன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இஞ்சதான்" என்றான்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கொரோனா வந்தால் மற்றவர்களைவிட ஆபத்துக் கூட என்று அவ சொன்னா. எனக்குத் தெரியும். போன மாதம் இவர் நோயோடு தனி அறைக்குள் இருந்தபோது பிரவீனன் அந்தக் கதவடியிலேயே படுத்துக்கிடந்தான். இழுத்தும் வரமாட்டேனென்றான். அந்த நாட்களில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

இந்த நாட்டில் எந்த வரிசையிலும் என் பிள்ளை முன்னுக்கு நின்றதில்லை அண்ணா. முதல் தடவையாகக் கூப்பிடுகிறார்கள்.

படம் அனுப்பவில்லை. நாங்கள் மூவர் இல்லை, நால்வர். நால்வரும் நிற்கிற படம் வேண்டுமானால் எழுதுங்கள், உடனே எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன் தங்கை,
வள்ளி


வவுனியா,
27.09.2021

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். சுகம். மச்சாளுக்கு நொச்சி ஒத்தணம் கொஞ்சம் குணம் காட்டுகிறது.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். நான் யாருக்காக ஓடித்திரிகிறேன் என்று ஒருதரம் யோசி. தேனுகாவுக்கு இருபத்தாறு நடக்கிறது. இதற்கு முதல் இரண்டு இடம் ஏன் குழம்பியது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டு இடத்துக்காரரும் பொம்பிளை பார்க்க வந்து, அவனைக் கண்டு, தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனவர்கள். அன்று அவள் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை.

அவனுக்கு ஊசி போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஊர் கூடியிருக்கும்போது கொண்டுபோய் நிறுத்தாதே என்கிறேன். கிருஷாந்தனின் தாயுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி உங்களுக்குப் பக்கத்தில், உப்புவெளியில் இருக்கிறா. இந்தக் காலத்தில் ஆள் ஆளுக்குப் போனில் படம் பிடித்து பேஸ்புக்கில் போடுகிறார்கள். கலியாணம் எழுதும்வரை பொறு. பிறகு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அதோடு, இதயத்தில் வெட்டுப்பட்ட பிள்ளைக்கு இந்த ஊசி தாங்காது என்று இங்கே ஆட்கள் கதைக்கிறார்கள். ஒன்று கிடக்க ஒன்று நடந்தால் நீ தாங்குவாயா?

பொறுத்திரு. உன் பதிலைப் பார்த்திருப்பேன்.

அண்ணன்,
அருளம்பலம்


லிங்கநகர்,
06.10.2021

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் நலமென்று நம்புகிறேன். நாங்கள் நால்வரும் நலம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத இருந்தேன். எழுதியிருந்தால் சண்டைக் கடிதமாகப் போயிருக்கும். இப்போது எழுத நல்ல விஷயம் இருக்கிறது. சனிக்கிழமை பிரவீனனுக்கு ஊசி போட்டாயிற்று.

இதயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் தட்டிவிடவில்லை. கிளினிக் டொக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் பழைய கொப்பி எல்லாம் பார்த்துவிட்டு, "இதயத்தில சத்திரசிகிச்சை செய்த பிள்ளை எண்டபடியால்தான் அம்மா கட்டாயம் போடவேணும். வருத்தம் வந்தால்தான் அந்த இதயத்துக்குத் தாங்கேலாது" என்றார். ஊசி போட்ட பிறகு வழமையைவிடக் கூட நேரம் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவோம் என்றும் சொன்னார். எனக்கு அது போதும்.

நானும் தேனுகாவும் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு கிழமையாக அவள் பேனை மூடியை ஊசியாக்கி அவனுக்குப் பழக்கியிருந்தாள். ஆஸ்பத்திரி மண்டபம் நிறையப் பிள்ளைகள் அண்ணா. சக்கர நாற்காலியில் சிலர், தாயின் தோளில் சிலர், காதைப் பொத்திக்கொண்டு சிலர். இந்தத் திருகோணமலையில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் இருந்த தாய்மாரும் என்னைப்போலத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

முதற் பெயராக மூதூர்ப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டார்கள். தாய் நஜ்முன் நிஸா, மகளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். கால் நடக்க ஏலாத பிள்ளை. வெள்ளை உடுப்பைக் கண்டதும் அது கத்தத் தொடங்கிவிட்டது. ஒரு பிள்ளை கத்தினால் மற்றதுகள் சும்மா இருக்குமா? மண்டபமே அழுதது. நஜ்முன் நிஸா பயந்துபோய், "நாங்க திரும்பிப் போறோம் டொக்டர், இன்னொரு நாளைக்கு வாறோம்" என்று நாற்காலியைத் திருப்பினா. அவவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழும்பிவிட்டார்கள்.

பிரவீனன் எழும்பினான். என் கையை விடுவித்துக்கொண்டு நேரே போனான். "நான் முதல்" என்றான். கதிரையில் இருந்து, சட்டைக் கையைத் தானே மடித்து, கையை நீட்டினான். அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "நோகாது" என்றான். ஊசி ஏறியது. கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "கொஞ்சம் நோகும். இப்ப இல்லை" என்று திருத்திச் சொன்னான்.

டொக்டர் சிரித்தார். அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு இவனையே பார்த்தது. இவன் அதற்குப் பக்கத்தில் போய் நின்று தன் கையைக் கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அது ஊசி போட்டுக்கொண்டது. பிறகு ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

அன்றைக்குக் கொஞ்சம் காய்ச்சல் காய்ந்தது. பரசிற்றமோல் கொடுத்தேன். அடுத்த நாள் எழும்பி ஆட்டுக்குட்டிகளோடு ஓடித்திரிந்தான்.

இவர் வேலையால் வந்து நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

உடம்பைக் கவனியுங்கள்.

தங்கை,
வள்ளி


வவுனியா,
13.10.2021

வள்ளிநாயகிக்கு,

உன் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய். பத்திரிகைக்காரன் படம் எடுத்ததை.

நேற்று மாப்பிள்ளையின் தாய் அந்தப் பத்திரிகையையே என் கையில் தந்தா. அவன் கதிரையில் இருக்கிறான், பக்கத்தில் தேனுகா நிற்கிறாள். கீழே பெயர், வயது, லிங்கநகர் என்று எல்லாம் போட்டிருக்கிறது. "இந்தப் பிள்ளை ஆர்?" என்று கேட்டா. நான் அவர்களுக்கு ஒரே ஒரு மகள் என்றுதான் சொல்லியிருந்தேன்.

பதில் சொல்லாமல் எழும்பி வந்தேன். இனி இந்தச் சம்பந்தத்தைப் பற்றி நான் கதைக்கப்போவதில்லை. உன் விருப்பப்படி நடந்துகொள்.

அருளம்பலம்


லிங்கநகர்,
24.10.2021

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் தேனுகா எழுதுகிறேன். நீங்களும் மாமியும் சுகமாக இருக்கவேண்டும். உங்கள் கடைசிக் கடிதத்தில் யாரையும் சுகம் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன், எல்லோரும் சுகம்.

அம்மா உங்களுக்கு எழுதாமல் இருப்பது கோபத்தில் இல்லை. எழுத உட்காருகிறா, என்ன எழுதினாலும் உங்களுக்கு நோகும் என்று எழும்பிவிடுகிறா. படத்தைப் பற்றி அவ எழுதாததும் என்னைக் காப்பாற்றத்தான். அந்தப் படத்துக்குச் சம்மதம் சொன்னது அம்மா இல்லை, நான்.

பத்திரிகைக்காரர் முறையாகத்தான் கேட்டார். அம்மா நிலத்தைப் பார்த்தா. உங்கள் கடிதம் அவவுடைய கைப்பைக்குள் இருந்தது. அவர் "பரவாயில்லை அம்மா" என்று திரும்பினார். நான்தான், "எடுங்கோ. நான் அவற்ற அக்கா. பெயரையும் வடிவாப் போடுங்கோ" என்று சொன்னேன். முதலில் தம்பியிடம் கேட்டேன், அவன் தலைமயிரைச் சரிசெய்துவிட்டு ஓம் என்றான்.

மாமா, நான் முன்னம் குசினிக்குள் போய் நின்றது அந்த மாப்பிள்ளைமாருக்காக இல்லை. அவர்கள் பார்க்கக்கூடாது என்று தம்பியை நாங்கள் அறைக்குள் இருக்கச் சொல்லியிருந்தோம். அவன் தனக்கும் பலகாரம் வேண்டும் என்றுதான் வெளியே வந்தான். அதற்காக அவனை முறைத்துப் பார்த்தவள் நான். அந்த வெட்கத்தில்தான் உள்ளே போனேன். அப்படி இன்னொரு நாள் எனக்கு வேண்டாம்.

படம் வந்த பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கை முடிவில் பேணாட் அண்ணை வீடு இருக்கிறதல்லவா. படம் வந்த மூன்றாம் நாள் அவர் பத்திரிகையோடு வந்து படலையில் நின்றார். அப்பாவிடம், "அண்ணை, என்ர மகன் றொஷானையும் கொண்டு போகலாமோ?" என்று கேட்டார். அப்பா, "எந்த மகன்?" என்று கேட்டுவிட்டார். எங்களுக்குத் தெரியாது மாமா. பதினேழு வயதுப் பொடியன். கைகால் இழுக்கிற வருத்தம். நான் பிறந்து வளர்ந்த ஒழுங்கையில், எங்கள் படலையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்திருக்கிறான். அவர்களுக்கும் எங்கள் பிரவீனனைப் பத்திரிகையில்தான் தெரிந்திருக்கிறது.

றொஷானுக்குப் போன கிழமை ஊசி போட்டாயிற்று. பேணாட் அண்ணை தூக்கிக்கொண்டு போனார், தம்பி கூடவே போனான். இப்போது ஞானமலர் மிஸ் ஒவ்வொரு வீடாகப் போகும்போது அந்தப் படத்தைக் கையோடு கொண்டு போகிறாவாம். இன்னும் சில வீடுகளில் கதவு திறந்திருக்கிறது என்று சொன்னா.

சம்பந்தம் குழம்பினால் குழம்பட்டும். எனக்குச் சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். நீங்கள் எனக்காக அலைந்தது எனக்குத் தெரியும். அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அம்மாவோடு கோபமாக இருக்கவேண்டாம். கோபிக்க வேண்டுமானால் என்னைக் கோபியுங்கள்.

அன்பு மருமகள்,
தேனுகா


வவுனியா,
02.11.2021

அன்புத் தங்கை வள்ளிக்கும் மருமகள் தேனுகாவுக்கும்,

இங்கே நாங்கள் சுகம். அங்கே முருகேசு மச்சான், தேனுகா, பிரவீனன், நீ எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும்.

தேனுகாவின் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு கிழமையாக வைத்துக்கொண்டிருந்தேன். மச்சாளும் படித்தாள். படித்துவிட்டு, "போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னாள். அதனால் நேற்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். "என் தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள். அந்தப் படத்தில் இருப்பது என் மருமகன்" என்று தாயிடம் சொன்னேன்.

அவ சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். என் காதுக்காக அவ உரக்கச் சொல்லவேண்டி வந்தது, பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும். "பிள்ளைக்கு வருத்தம் எண்டு நான் கோவிக்கேல்லை. இருக்கிற பிள்ளையை இல்லை எண்டு சொன்னீங்களே, அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு. நாளைக்கு எனக்கு அப்பிடி ஒரு பேரப்பிள்ளை பிறந்தால் அதையும் இல்லை எண்டுதான் சொல்லுவியளோ?"

அதற்குப் பிறகும் அவ தேத்தண்ணி தந்தா. குடித்துவிட்டு வந்தேன். சம்பந்தம் பற்றி நானும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

மாகாணம் விட்டு மாகாணம் போகலாம் என்று அறிவித்துவிட்டார்கள். பஸ் ஓடுகிறது. பிரவீனனுக்கு இரண்டாவது ஊசி எப்போது என்று எழுது.

அண்ணன்,
அருளம்பலம்


லிங்கநகர்,
05.11.2021

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்றுத் தீபாவளி. உங்கள் கடிதம்தான் எங்களுக்குப் பலகாரம்.

வருகிற 13ஆம் திகதி, சனிக்கிழமை இரண்டாவது ஊசி. இந்த முறை ஒரு பிள்ளையோடு ஒருவரைத்தான் உள்ளே விடுகிறார்கள். நீங்கள் வந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாளே வந்துவிடுங்கள். பாரை மீன் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மச்சாளின் காலுக்குப் பயணம் ஒத்துக்கொண்டால் அவவும் வரட்டும்.

பிரவீனன் உங்கள் பழைய படத்தை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தலைமயிர் எங்கே போனது என்று கேட்பான், கோபிக்கவேண்டாம்.

தங்கை,
வள்ளி


வவுனியா,
10.12.2021

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலந்தானே. நான் வந்து போய் ஒரு மாதமாகிறது. வந்து சேர்ந்ததும் எழுதாததற்குக் காரணம், உன் மச்சாள் வழுக்கி விழுந்து முழங்காலைத் திரும்ப அடித்துக்கொண்டது. இப்போது நடக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று நீ கேட்டபோது, "போட்டாச்சு" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். எனக்கு எழுத்தில்தான் வரும். இப்போது சொல்கிறேன்.

என் காது போனாலும் ஆட்களின் வாயைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வேன். கொரோனா வந்து எல்லாரும் வாயை மூடிய பிறகு அதுவும் இல்லை. அங்கே பதிவு மேசையில் இருந்த பெண்பிள்ளை முகக்கவசத்தோடு என்னிடம் ஏதோ கேட்டது. விளங்கவில்லை. திரும்பக் கேட்டது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று அவர்களின் கண்ணில் தெரிந்தது.

பிரவீனன் என்னை மெதுவாக ஒரு பக்கம் தள்ளிவிட்டு முன்னுக்குப் போனான். "மாமாவுக்குக் காது கேக்காது. என்னட்டக் கேளுங்கோ" என்றான். என் பக்கம் திரும்பி முகக்கவசத்தை இறக்கி அதைத் திரும்பவும் சொன்னான், அதனால் எனக்கு விளங்கியது. முகக்கவசத்தை ஏற்றாமலே பெயர் சொன்னான், வயது சொன்னான், உன் பெயர் சொன்னான், முதல் ஊசி எந்தக் கையில் போட்டது என்று தொட்டுக் காட்டினான். அந்தப் பிள்ளை எழுதி முடித்து, கூட வந்தவர் யார் என்று கேட்டிருக்கவேண்டும். அவன் என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

யாரோ ஒருவர் எனக்காகக் கதைத்து அப்படிப் பெருமையாக நான் நின்றதில்லை வள்ளி.

திரும்பி வந்து காணுகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னேன். மர ஆலையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். கோயிலில் கிருஷாந்தனின் தாயும் இருந்தா. சம்பந்தம் கதைக்கப் போகவில்லை, என் மருமகனின் கதையைச் சொல்லப் போனேன். அவ கேட்டு முடித்துவிட்டு, "பொங்கல் கழிய நாங்கள் வந்து பாக்கலாமோ? நாலு பேரையும் பாக்கவேணும்" என்றா. நான் ஓம் என்று சொல்லவில்லை. மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தேனுகாவைக் கேட்டு எழுது. அவள் வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

அண்ணன்,
அருளம்பலம்


லிங்கநகர்,
19.12.2021

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியின் கால் இப்போது எப்படி? படி இறங்கும்போது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவர்கள் வரட்டும். ஒருவரையும் அறைக்குள் இருக்கச் சொல்லமாட்டோம். பலகாரத் தட்டைத் தம்பிதான் கொண்டுவருவான். பொம்பிளையை அவர்கள் பார்ப்பதுபோல மாப்பிள்ளையை நானும் பார்ப்பேன். பிறகுதான் பதில் சொல்வேன். இதற்கெல்லாம் சம்மதமென்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தம்பிக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று என்று நேற்று அப்பா அவனைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் படகுக்காரர்கள் எல்லாருக்கும் காட்டினார். இவ்வளவு காலமும் அப்பாவோடு வேலை செய்தும் தம்பியை ஒருநாளும் காணாதவர்கள் அவர்கள். வந்தவுடன் இதை உங்களுக்கு எழுதச் சொன்னவர் அப்பாதான்.

மருமகள்,
தேனுகா


லிங்கநகர்,
25.01.2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

மச்சாளின் காய்ச்சல் விட்டதா? ஞாயிற்றுக்கிழமை அவவை விட்டுவிட்டு நீங்கள் வர ஏலாமல் போனதில் எங்களுக்கு மனக்குறைதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து சொல்லித்தான் காய்ச்சல் என்று தெரியும். என்ன நடந்தது என்று அறியாமல் நீங்கள் அங்கே இருக்கமாட்டாமல் இருப்பீர்கள். ஆறுதலாக எல்லாம் எழுதுகிறேன்.

முதலில் பிரவீனனின் செய்தி. இந்த மாதம் பன்னிரண்டு வயதிலிருந்து எல்லாப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஊசி தொடங்கியிருக்கிறது. ஞானமலர் மிஸ் வந்து இவனைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனா. ஊசிக் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் இவன் இருந்தானாம். பயந்த பிள்ளைகளுக்குக் கையைக் கொடுப்பது, "கொஞ்சம் நோகும், பிறகு இல்லை" என்று உள்ளதைச் சொல்வது, இதுதான் வேலை. பின்னேரம் பள்ளிக்கூட அதிபர் ஒலிவாங்கியில் இவனுடைய பெயரைச் சொல்லி நன்றி சொன்னாராம். வந்து என்னிடம், "அம்மா, வேலையால வந்தனான். தேத்தண்ணி" என்றான். தகப்பன் சொல்வதுபோலவே.

கிருஷாந்தனும் தாயும் பதினொரு மணிபோல வந்தார்கள். தாய் நீங்கள் எழுதியதுபோல நேர்ப்பேச்சுக்காரிதான். வந்து இருந்ததும் பிரவீனனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "நான் உன்னைப் பாக்கத்தான் வந்தனான்" என்றா. இவன் பலகாரத் தட்டை நீட்டி, அவ ஒரு பயற்றம் பணியாரத்தை எடுக்கப் போக, பெரியதாகப் பார்த்து வேறொன்றைக் காட்டினான். அவ அதையே எடுத்தா.

கிருஷாந்தனும் தேனுகாவும் விறாந்தையில் இருந்து கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இடையில் இவள் ஏதோ கேட்க, அவர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னது தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

நாங்கள் பெரியவர்கள் கதைப்பது பிரவீனனுக்கு அலுத்துவிட்டது. விறாந்தைக்குப் போய், கிருஷாந்தனின் கையைப் பிடித்து எழுப்பி, "சோடா குடிப்பம். வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். சந்தியில் ஸஹாப்தீன் நானாவின் கடைக்கு.

நட்ட நடுப்பகல் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை, எல்லா வீட்டிலும் ஆட்கள் இருக்கிற நேரம். இந்த ஒழுங்கையில் நான் என் பிள்ளையை எத்தனையோ வருடம் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குனிந்த தலையோடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அவன் அந்தப் புது மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படலையிலும் நின்று நின்று போனான். நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன கதைத்தான் என்று கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கிருஷாந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். தாய், "என்ன தம்பி?" என்று கேட்டா.

"ஒண்டுமில்லை அம்மா. பேணாட் எண்டொருத்தர் படலையில நிண்டு, ஆர் இது எண்டு கேட்டார். பிரவீனன், அக்காவின்ர மாப்பிள்ளை எண்டு சொல்லிப்போட்டான்."

"அவருக்கு மட்டுமோ?" என்று இவர் கேட்டார்.

"இல்லை மாமா. சந்தி வரைக்கும் எல்லாருக்கும். கேக்காதவைக்கும் சொன்னவன். கடையில நிண்டவைக்கும் சொன்னவன். அந்தக் கடைக்கார நானா சோடாவுக்குக் காசு வாங்கேல்லை."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேனுகா இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லையே. எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் கிருஷாந்தனைப் பார்த்து, "நீங்கள் இல்லை எண்டு சொல்லேல்லையோ?" என்று கேட்டாள்.

"என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. தம்பியிட்டத்தான் கேட்டவை" என்றார் அவர்.

தேனுகா சிரித்தாள் அண்ணா. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "தம்பி ஊருக்குச் சொல்லிப்போட்டான். இனி நான் என்ன சொல்லுறது? நாள் பாருங்கோ" என்றாள்.

வைகாசியில் பார்க்கலாம் என்றிருக்கிறோம். நீங்களும் ஐயரைக் கேட்டு எழுதுங்கள். மச்சாள் அதற்குள் எழும்பி ஓடித்திரியவேண்டும், சொல்லுங்கள்.

அவர்கள் பஸ் ஏறிப் போனபிறகு பின்னேரம் ஒழுங்கைச் சனம் ஒவ்வொருவராக வரத் தொடங்கியது. பேணாட் அண்ணை, றொஷானைத் தூக்கிக்கொண்டு, மனைவியோடு வந்தார். அவ வாழ்த்துச் சொல்லத்தான் வருகிறா என்று நான் சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினேன். என்னைத் தாண்டிப் போய், அவ பிரவீனனின் கையைப் பிடித்தா. பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். அவன் விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, கலியாணத்துக்கு வரச்சொல்லிக்கொண்டிருந்தான்.

உங்கள் தங்கை,
வள்ளி